டாங்கி கிட் வாங்கியாயிற்று, கூடுதல் பாகங்களும் வேண்டுமா? வாசகர் கேள்வி-பதில்

மாதிரி டாங்கி, போர் விமானம் கட்டும் வாசகர்களிடமிருந்து இம்மாதம் வந்த கடிதங்கள் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகத்துக்கு வருகின்றன. கிட்டுக்குக் கொடுத்த காசுக்கு மேலே பித்தளைத் தகடு, உலோகப் பீரங்கிக் குழல், ரெசின் பாகம் என்று எவ்வளவு செலவழிப்பது நியாயம்? எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கட்டி முடித்து அலமாரியில் வைத்த பிறகும் கண்ணில் படுகிற இடத்துக்குச் செலவழியுங்கள். மூடி ஒட்டிவிட்டால் மறைந்துபோகும் இடத்துக்கு வேண்டாம். எது படும், எது மறையும் என்பதைப் பெட்டி மேல் இருக்கும் படம் சொல்லாது. கிட்டை அளந்து, பொருத்திப் பார்த்துத்தான் அறிய முடியும்.

ஐயா, கோலாலம்பூர் சுங்கை வாங் பிளாசாவில் 1/35 அளவில் தமியா நிறுவனத்தின் ஜப்பானிய டைப் 97 சி-ஹா டாங்கி பார்த்தேன். மிகப் பழைய கிட் என்கிறார்கள். மலாயாப் போரில் ஓடிய வண்டியாகக் கட்ட ஆசை. வாங்கலாமா? எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?
*வாசகர், செந்தூல்*

வாங்கலாம். ஆனால் பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள். தமியா இந்த டாங்கியை இரண்டு வடிவங்களில் வெளியிட்டிருக்கிறது. 35075 என்ற எண்ணில் வருவது குட்டையான 57 மி.மீ. பீரங்கி உள்ளது. 35137-இல் நீண்ட 47 மி.மீ. பீரங்கியும் வேறு வடிவக் கோபுரமும் இருக்கும். 1941 டிசம்பரில் தொடங்கி, 1942 ஜனவரி 7-ஆம் தேதி சிலிம் ரிவர் சண்டையைத் தாண்டி சிங்கப்பூர் வரை ஓடியவை 57 மி.மீ. வண்டிகள்தாம். 47 மி.மீ. வடிவம் முதலில் களம் கண்டது 1942 மே மாதம், பிலிப்பைன்சின் கொரெகிடோர் தீவில். ஆகவே 35137-ஐ வாங்கி மலாயா வண்டி என்று வைத்தால், விவரம் தெரிந்தவர் பார்த்தவுடன் கேட்டுவிடுவார். எத்தனை கூடுதல் பாகம் ஒட்டினாலும் அந்தத் தவறு மறையாது.

அடுத்தது அளவு. உண்மையான சி-ஹா சுமார் 5.52 மீட்டர் நீளம், 2.33 மீட்டர் அகலம், 2.23 மீட்டர் உயரம். இவற்றை 35-ஆல் வகுத்தால் 158 மி.மீ., 67 மி.மீ., 64 மி.மீ. வரும். உடலின் மேல் பாகத்தையும் கீழ் பாகத்தையும் பசையில்லாமல் டேப் போட்டுப் பிடித்து அளந்து பாருங்கள். 1 மி.மீ. வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. 3 மி.மீ. தாண்டினால் வண்டியின் தோற்றமே மாறும், குறிப்பாக அகலத்தில். பழைய கிட்டுகளில் இதைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து டாங்கி கிட்டுகள் பல, மோட்டாரும் பேட்டரியும் வைத்து ஓட்டுவதற்காகவே செய்யப்பட்டவை. 1/35 என்ற அளவே அப்படித்தான் பிறந்தது: 1960-களின் தொடக்கத்தில் தமியா வெளியிட்ட பாந்தர் டாங்கியில் பேட்டரி உட்காரும்படி உடலை அமைத்தார்கள், பிறகு கணக்குப் பார்த்தபோது அது 1/35-ஆக இருந்தது. மோட்டாருக்காக உடலை அகலப்படுத்திய கிட்டுகளும், அடியில் சுவிட்சுக்குத் துளை விட்ட கிட்டுகளும் இன்னும் கடைகளில் இருக்கின்றன. துளையை உள்பக்கமிருந்து 0.5 மி.மீ. பிளாஸ்டிக் அட்டை வைத்து மூடி, வெளியே புட்டி பூசித் தேய்த்துவிடலாம். அகலத்தைத் திருத்துவது லேசான வேலை அல்ல.

மூன்றாவதாக, ஸ்ப்ரூ (பாகங்கள் ஒட்டி வரும் சட்டம்) ஒவ்வொன்றையும் மேசை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத பள்ளம் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். தடிமனான பாகங்களின் மேல் விழும் குழிவு, பிளாஸ்டிக் ஆறும்போது உள்ளே சுருங்கியதால் வருவது. வட்டமான சிறு தழும்பு, அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளிய ஊசியின் தடம். மூடிகளின் உள்பக்கத்திலும் சேற்றுத்தகட்டின் அடியிலும் அந்தத் தடம் நிறைய இருக்கும். மூடியைத் திறந்து வைப்பதாக இருந்தால் மட்டும் நிரப்புங்கள். மூடி ஒட்டுவதானால் விட்டுவிடுங்கள். ஓரங்களில் மெல்லிய தோல் மாதிரி பிளாஸ்டிக் வழிந்திருந்தால் அச்சு தேய்ந்துவிட்டது என்று பொருள். கத்தியால் வழித்தால் போய்விடும், ஆனால் அப்படிப்பட்ட கிட்டில் ஆணித்தலைகளும் மங்கியிருக்கும்.

பெட்டி புதிதாக இருப்பதால் கிட் புதிது என்று எண்ண வேண்டாம். ஒரே அச்சை வெவ்வேறு நிறுவனங்கள் புதுப் படம் போட்டு விற்பது இந்தத் துறையில் சாதாரணம். ஸ்கேல்மேட்ஸ் இணையத்தளத்தில் கிட்டின் எண்ணைக் கொடுத்தால் அச்சு முதலில் எந்த ஆண்டில் வந்தது, யார் யார் பெட்டி மாற்றினார்கள் என்று வரிசையாகக் காட்டும். கடையில் நிற்கும்போதே கைப்பேசியில் பார்த்துவிடுங்கள்.

இந்தக் கிட்டுக்குக் கூடுதலாக ஏதாவது வாங்குவதென்றால் எங்கள் வரிசை: முதலில் ட்ராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை), அடுத்து கோபுரத்தைச் சுற்றிய வளையக் கம்பி. அந்தக் கம்பி வானொலி ஏரியல், பிளாஸ்டிக்கில் தடிமனாக வரும். அதற்குத் தனி செட் வேண்டியதில்லை, 0.5 மி.மீ. பித்தளைக் கம்பியை வளைத்தாலே போதும். உள் அலங்காரத்துக்கு ஒரு வெள்ளிகூட வேண்டாம்.

ஜெர்மானிய டைகர் 1 டாங்கிக்கு, 1/35, முழுப் பித்தளைத் தகடு செட் வாங்கினேன். பல தகடுகள். சில பாகங்கள் கண்ணுக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒட்டத்தான் வேண்டுமா? ஒட்டிய இரண்டு மூன்று பாகங்களும் தட்டினால் உதிர்கின்றன.
*வாசகர், பட்டர்வொர்த்*

எல்லாவற்றையும் ஒட்ட வேண்டியதில்லை. எதை ஒட்டுவது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 1/35-இல் 1 மி.மீ. பிளாஸ்டிக் என்றால் நிஜத்தில் 35 மி.மீ. இரும்பு. சேற்றுத்தகடு நிஜத்தில் சில மில்லிமீட்டர் தகரம்தான். கிட்டில் அது 0.8 அல்லது 1 மி.மீ. தடிமனில் வரும்; கவசம் மாதிரி தெரியும். பித்தளைத் தகடு 0.15 மி.மீ. என்றால் நிஜத்தில் 5 மி.மீ., அதாவது உண்மைக்குப் பக்கத்தில். ஆகவே மெல்லிய தகரமாக இருந்த எல்லாவற்றுக்கும் பித்தளை பொருத்தம். அதே கணக்கில், உருண்டையாக இருந்த எதற்கும் பித்தளைத் தகடு பொருந்தாது. கைப்பிடிக் கம்பி நிஜத்தில் 16 மி.மீ. விட்டம் என்றால் மாதிரியில் 0.45 மி.மீ. உருண்டைக் கம்பி வேண்டும். செட்டில் வரும் தட்டையான கைப்பிடி கிட்டின் பிளாஸ்டிக்கைவிட மோசமாக இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு செம்புக் கம்பியை வளைத்து வையுங்கள்.

இந்தக் கண்ணோடு செட்டைப் பிரித்தால் வேலை பாதியாகிவிடும். முதலில் இயந்திரத்தின் மேல் உள்ள வலை. டைகர், பாந்தர் இரண்டிலும் காற்றுத் துளைகளின் மேல் வலை உண்டு, பிளாஸ்டிக்கில் வலையை வார்க்கவே முடியாது. செட் முழுவதிலும் காசுக்கு மிக அதிகப் பலன் தரும் பாகம் இதுதான். வலை மட்டும் தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் வாங்கியிருந்தாலும் போதும். அடுத்து சேற்றுத்தகடும் அதன் மடிப்புகளும். மூன்றாவது கருவிகளைப் பிடிக்கும் கொக்கிகள். இவற்றில் நாலைந்து துண்டு சேர்த்து ஒரு கொக்கி செய்யும் வகை உண்டு. ஒரே துண்டில் மடிக்கும் வகை உண்டு. முன்னதில் கைபடிய நேரமாகும். கிட்டிலேயே வார்த்து வரும் கொக்கியை நல்ல கறுப்புக் கோடு போட்டு வண்ணம் தீட்டினால் ஒரு அடி தூரத்தில் வேறுபாடு தெரியாது. தனி ஆணித்தலை, உள்ளே வரும் வெடிகுண்டு அடுக்கு, ஓட்டுநர் இருக்கைப் பட்டை ஆகியவற்றை அப்படியே எடுத்து வையுங்கள்.

உதிர்வதற்குக் காரணங்கள் மூன்று. தகட்டின் மேல் எண்ணெய்ப் படலமும் ஆக்சைடும் இருக்கும். ஸ்ப்ரூவோடு இருக்கும்போதே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, 1000 எண் மணல்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். இரண்டாவது, வண்ணம் பூசிய பிளாஸ்டிக் மேல் ஒட்டியிருக்கலாம். அப்போது பசை வண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், பிளாஸ்டிக்கை அல்ல. மூன்றாவது, அதிகப் பசை. சூப்பர் குளூ மெல்லிய படலமாக இருந்தால்தான் வலு. கட்டியாக நின்றால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். பாகத்தை முதலில் உலர்ந்த நிலையில் இடத்தில் வைத்து, மெல்லிய கம்பி நுனியில் ஒரு துளி எடுத்து ஓரத்தில் தொடுங்கள். பசை தானாக அடியில் ஓடும். சேற்றுத்தகடு மாதிரிப் பெரிய பாகத்துக்கு ஐந்து நிமிட எப்பாக்சி நல்லது. நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும், அதிர்ச்சியும் தாங்கும்.

வெட்டும்போது ரப்பர் பாய் வேண்டாம். பாகம் அமுங்கி வளையும். பழைய தரை ஓட்டுத் துண்டு அல்லது கண்ணாடி மேல் வைத்து, வளைந்த முனைக் கத்தியை உருட்டி அழுத்துங்கள். மிச்சமிருக்கும் மூக்கைத் தட்டை இடுக்கியில் வெளியே நீட்டிப் பிடித்து அரத்தால் தேயுங்கள். மடிப்புக்கோடு பொதுவாக மடிப்பின் உள்பக்கம் வர வேண்டும். வட்டமாக வளைக்க வேண்டிய பாகத்தை லைட்டர் சுடரில் நிறம் மாறும்வரை காட்டி ஆறவிட்டால் மெத்தென்றாகிவிடும். நேராக இருக்க வேண்டிய சேற்றுத்தகட்டைச் சுடாதீர்கள். ஒரு விரல் பட்டாலே பள்ளம் விழும், பிறகு எடுக்க முடியாது.

டைகர் 1-க்குச் சிமரிட் பூச்சு வேண்டுமா? கடைக்காரர் ரெசின் சிமரிட் தகடும் சேர்த்து எடுக்கச் சொல்கிறார்.
*வாசகர், கெப்போங்*

வண்டியின் தேதியைப் பொறுத்தது. காந்தக் கண்ணிவெடி ஒட்டாமலிருக்கப் பூசிய அந்தப் பசை, தொழிற்சாலைகளில் 1943 ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் தொடங்கி 1944 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. துனிசியாவில் ஓடிய டைகருக்கும் 1943 ஜூலை கூர்ஸ்க் சண்டை டைகருக்கும் அது கிடையாது. 1944 நார்மண்டி டைகருக்கு உண்டு. உங்கள் பெட்டியின் டிகால் (நீரில் நனைத்து ஒட்டும் குறிப்படம்) தாளில் எந்த ஆண்டு வண்டி என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

உலோகக் குழலுக்குக் காசு கொடுப்பது வீணா?
*வாசகி, ஆயர் ஈத்தாம்*

கிட்டின் குழல் இரண்டு பாதியாக வந்தால் வாங்கலாம். ஒரே துண்டாக, வாயில் துளையோடு வந்தால் வேண்டாம். இரண்டு பாதியை ஒட்டித் தேய்க்கும்போது உருண்டை தட்டையாகிவிடும். 88 மி.மீ. பீரங்கியின் வாய் 1/35-இல் 2.5 மி.மீ.; அந்த அளவுக்குத் துளையை நடுவில் போட எல்லாருக்கும் கை வராது. புதிய கிட்டுகளில் பெரும்பாலானவை ஒரே துண்டாக வருகின்றன.

எங்களைக் கேட்டால் பெரிய குழலைவிட இயந்திரத் துப்பாக்கிக் குழலுக்கே முதலில் செலவழிக்கச் சொல்வோம். அமெரிக்க ஷெர்மன் டாங்கி மேல் வரும் எம்1919 போன்ற துப்பாக்கிக்குத் துளைத்துளையான உறை உண்டு. பிளாஸ்டிக்கில் அது வெறும் பள்ளமாகத்தான் வரும். பித்தளைக் குழலில் துளை துளையாகவே இருக்கும், விலையும் குறைவு.

உலோகக் குழல் பொருத்தினால் எடையால் பீரங்கி முன்னால் தலை சாயும். சுழலும் அச்சை எப்பாக்சியால் நிலையாக ஒட்டிவிடுங்கள், அல்லது பின்பக்கம் மீன்பிடி ஈயக்குண்டு வைத்துச் சமன்படுத்துங்கள்.

பத்து ஆண்டுகளாகப் பெட்டியிலேயே வைத்திருந்த ஒரு டாங்கி கிட்டைத் திறந்தேன். கறுப்பு ட்ராக் பட்ட இடத்தில் சக்கரங்கள் உருகிப் பள்ளமாகிவிட்டன. கிட் போலியா?
*வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்*

போலி இல்லை. பழைய மென் வினைல் ட்ராக்கில் அதை மெத்தென்று வைத்திருக்க எண்ணெய்த் தன்மையுள்ள ஒரு சேர்மம் கலந்திருக்கும். அது மெல்ல வெளியே கசியும். பிளாஸ்டிக் சக்கரம் பாலிஸ்டைரீன். அந்தச் சேர்மம் பட்டால் கரையும். வெப்பம் கூடக் கூட வேகம் கூடும், அதனால் நம் ஊரில் இது சீக்கிரம் நடக்கிறது. மேல்தளத்துக் கூரைக்கு அடியில் வைத்த பெட்டிகளில் இன்னும் சீக்கிரம். விமானக் கிட்டின் மென் டயர்களும் இதேபோல் சக்கரத்தின் விளிம்பைத் தின்னும்.

பழைய கிட் எது வாங்கினாலும் அன்றே ட்ராக்கையும் டயரையும் தனி ஜிப் பையில் போட்டுவிடுங்கள். உருகிய சக்கரத்தில் பள்ளம் 0.5 மி.மீ.க்குள் இருந்தால் புட்டி போதும். சேறு பூசினால் மறையும். அதற்கு மேல் என்றால் மாற்றுச் சக்கரம் தேடுங்கள். கட்டி முடித்த வண்டியிலும் அதே ஆபத்து இருப்பதால், வினைல் ட்ராக்கைப் போடத்தான் போகிறீர்கள் என்றால் சக்கரத்துக்கும் ட்ராக்குக்கும் இரண்டிலும் நன்றாக பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து ஒரு வாரம் காயவிடுங்கள்.

மாற்று ட்ராக்குகளில் எது? மேல் பகுதி தொய்ந்து சக்கரங்கள்மேல் படுத்திருக்கும் வண்டிக்குத்தான் மாற்று ட்ராக்கின் அருமை தெரியும். வினைல் ட்ராக் விறைப்பாக நிற்கும், தொய்வு வராது. பிளாஸ்டிக் நீளத்துண்டும் தனிக் கண்ணியும் கலந்து வரும் செட்டில் தொய்வு வார்ப்பிலேயே இருக்கும், கட்டவும் எளிது. நாங்கள் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். வெள்ளை உலோகக் கண்ணி ட்ராக் தன் எடையால் அழகாகத் தொங்கும். ஆனால் டைகர் 1-க்கு ஒரு பக்கம் 96 கண்ணி. இரண்டு பக்கமும் 192. ஒவ்வொன்றையும் சுத்தம் செய்து, அடைபட்ட துளையை 0.5 மி.மீ. துளைப்பானால் திறந்து, கம்பி கோக்க வேண்டும். எடையைத் தாங்கும்படி சக்கரக் கைகளை முதலிலேயே உறுதியாக ஒட்டியிருக்க வேண்டும். ஓரக் கவசம் பாதி ட்ராக்கை மறைக்கும் வண்டிக்கு உலோக ட்ராக் வாங்குவது வீண் செலவு.

3டி பிரிண்ட் பாகங்களும் வார்ப்பு ரெசின் பாகங்களும்: எது நல்லது?
*வாசகர், பாயான் லெப்பாஸ்*

நுணுக்கத்தில் இன்று 3டி பிரிண்ட் முன்னே. வார்ப்பு ரெசினில் காற்றுக் குமிழி, தடித்த வார்ப்புக் கட்டை, சுருக்கம் எல்லாம் வரும். ஆனால் பிரிண்ட் பாகத்தை வாங்குமுன் விற்பவரின் படத்தில் சாய்ந்த பரப்புகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். படிக்கட்டு மாதிரிக் கோடு தெரிந்தால், வண்ணம் அடித்த பிறகு இன்னும் தெளிவாகத் தெரியும். தொட்டால் பிசுபிசுப்பாக இருந்தால் சரியாக இறுகவில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி வெயிலில் சற்று நேரம் காட்டுங்கள், கழுவும்போது கையுறை போடுங்கள். தாங்குகம்பிகளை நிப்பரால் பாகத்தை ஒட்டி வெட்டாதீர்கள், பாகமே சிதறும். கொஞ்சம் தள்ளி வெட்டி, மிச்சத்தைத் தேய்த்துவிடுங்கள்.

இரண்டு வகைக்கும் பிளாஸ்டிக் பசை பிடிக்காது, சூப்பர் குளூ அல்லது எப்பாக்சிதான். தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகக்கவசம் அணியுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. வளைந்து வந்த ரெசின் குழலைச் சுடுநீரில் அரை நிமிடம் வைத்து நேராக்கிக் குளிர்நீரில் முக்கினால் நிற்கும். வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டால் மறுபடி வளையும்.

ஜார்ஜ்டவுனில் கடற்கரைப் பக்கம் அடுக்குமாடியில் இருக்கிறேன். லாக்கர் வண்ணம் அடித்தால் வெண்மையாகப் பூத்துவிடுகிறது. டிகால் ஒட்டினால் சுற்றிலும் வெள்ளி மாதிரி மின்னுகிறது. வண்ணம் மோசமா, டிகால் மோசமா?
*வாசகர், ஜெலுத்தோங்*

இரண்டும் நல்லவைதான், காற்றின் ஈரம்தான் பிரச்சினை. இதைப் புரிந்துகொள்ளாமல் பலர் விலை உயர்ந்த வண்ணத்துக்கு மாறி மறுபடி ஏமாறுகிறார்கள்.

லாக்கர் தின்னர் மிக வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும். குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படியும். அந்த நீர் வண்ணத்துக்குள் சிக்கி வெண்மையாகத் தெரியும். மழைக்கு முன்னும் மழையின்போதும் இரவிலும் இது அதிகம். எனவே ஆவியாவதைத் தாமதப்படுத்துங்கள். லெவலிங் தின்னர் என்று விற்கப்படும் வகையில் ரிடார்டர் என்ற தாமதப்படுத்தி கலந்தே வரும். சாதாரண லாக்கர் தின்னருக்குப் பதில் அதைப் பயன்படுத்துங்கள். ஒரு பங்கு வண்ணத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு தின்னர், அழுத்தம் 15 பிஎஸ்ஐ அளவில், 5 முதல் 8 செ.மீ. தூரத்தில் மெல்லிய அடுக்குகளாக. ஈரமானி ஒன்று வாங்கி மேசையில் வையுங்கள். 70 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் ஏர்கண்டிஷனரை உலர் நிலையில் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு அடியுங்கள். ஆனால் மூடிய அறையில் லாக்கர் ஆவியை அடைத்து வைக்கக் கூடாது. வெளியேற்றும் விசிறியும் கரிம ஆவி வடிகட்டி உள்ள முகக்கவசமும் கட்டாயம். சாதாரணத் துணிக் கவசம் அந்த ஆவியைத் தடுக்காது.

பூத்துப்போன பரப்பைத் தேய்த்து எறிய வேண்டாம். ஈரம் குறைந்த வேளையில் லெவலிங் தின்னரை மட்டும் தனியாக மெல்லிய பனிமாதிரி அடியுங்கள். மேல்படலம் இளகி, சிக்கிய நீர் வெளியேறி, பெரும்பாலும் பழைய நிறம் திரும்பும்.

கம்ப்ரசரிலும் நீர் சேரும். ஈர வடிகட்டியை ஏர்பிரஷ் (வண்ணம் தெளிக்கும் கருவி) பக்கம் குழாயின் கடைசியில் பொருத்துங்கள்; காற்று குழாயில் போகும்போது ஆறித்தான் நீர் விடுகிறது, கம்ப்ரசர் வாயிலேயே வைத்த வடிகட்டி அதைப் பிடிக்காது. தொட்டி இருந்தால் வேலை முடிந்ததும் அடி வால்வைத் திறந்து வடித்துவிடுங்கள்.

இனி டிகால். வெள்ளி மின்னுவது, டிகாலின் அடியில் காற்று சிக்கியதால். மங்கலான வண்ணத்தின் பரப்பு நுண்ணியதாகக் கரடுமுரடாக இருக்கும். டிகால் மேடுகளின் மேல் உட்கார்ந்து பள்ளங்களில் காற்றை விட்டுவிடும். முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். டிகாலை வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் போட்டு, காகிதத்தோடு எடுத்து வைத்து, தானாக நழுவும்வரை காத்திருங்கள். ஒட்டும் இடத்தில் முதலில் டிகாலைப் பிடிக்கவைக்கும் செட்டர் திரவம், டிகால் உட்கார்ந்ததும் மேலே அதை இளக்கும் சாஃப்டர். சாஃப்டர் பட்டதும் டிகால் சுருங்கும், தொடாதீர்கள். காயும்போது தானே படியும். பிறகும் மின்னும் இடத்தில் ஊசியால் குத்தி மறுபடி சாஃப்டர் விடுங்கள். டிகால் தாளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில் வைத்தால் நம் ஈரத்திலும் பல ஆண்டு நிற்கும். மஞ்சளித்த தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காட்டினால் மஞ்சள் வெளுக்கும்.

ஈரம் சூப்பர் குளூவையும் பாதிக்கும். பாகத்தைச் சுற்றி வெண்தூள் படிவது அதன் ஆவி ஈரத்தோடு சேர்ந்து படிவதால்தான். காற்றோட்டம் கொடுங்கள், பசையைக் குறையுங்கள். திறக்காத குப்பிகளைக் குளிர்பெட்டியில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் உடனே திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே நீர் படிந்து இறுகிவிடும்.

மலேசிய விமானப்படையின் சுகோய் சு-30எம்கேஎம் கட்ட வேண்டும். எந்தக் கிட்? மலேசிய டிகால் செட்டை எப்படிச் சோதிப்பது?
*கல்லூரி மாணவர், புக்கிட் ஜாலில்*

1/72-இல் ஸ்வெஸ்டா நிறுவனத்தின் சு-30எஸ்எம் நல்ல தொடக்கம். எஸ்எம், எம்கேஎம் இரண்டுக்கும் முன்பக்கச் சிறு இறக்கையும் திசை திருப்பும் புகைபோக்கியும் உண்டு. சு-30எம்கேகே கிட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பெயர் ஓர் எழுத்துத்தான் மாறும், ஆனால் அதற்கு முன்பக்கச் சிறு இறக்கை கிடையாது, வால் செங்குத்துகளின் வடிவமும் வேறு. அதை எம்கேஎம் ஆக்குவது பெரிய அறுவை வேலை. எம்கேஎம்மில் ஏவுகணை எச்சரிக்கை, லேசர் எச்சரிக்கை உணரிகளின் சிறு புடைப்புகளும் பிரெஞ்சு டமோக்ளிஸ் குறிபார்க்கும் கலமும் கூடுதல். நம் விமானப்படையின் படங்களைப் பார்த்துப் புட்டியிலும் பிளாஸ்டிக் துண்டிலும் செய்யலாம். 1/72-இல் விமானம் 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம்; 1/48 என்றால் நீளம் 45 செ.மீ. தாண்டும். அலமாரியை அளந்துகொள்ளுங்கள்.

டிகாலுக்கு ஒரு பூதக்கண்ணாடி போதும். நம் கொடியில் 14 கோடு, நட்சத்திரத்துக்கு 14 முனை. எண்ணிப் பாருங்கள், சிறு அளவில் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூவாகிவிட்டிருந்தால் அச்சு மோசம். அடுத்து, வெள்ளை அடிப்படலத்தின் மேல் மற்ற நிறங்கள் நேராக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை எட்டிப் பார்த்தால் அச்சு நகர்ந்திருக்கிறது, அதைத் திருத்த முடியாது. வீட்டு இங்க்ஜெட்டில் அச்சிட்டதாக இருந்தால் வெள்ளை இருக்கவே இருக்காது, மேலும் வார்னிஷ் அடிக்காமல் நீரில் போட்டால் மை கரையும். பொதுக் குறிகளை மட்டும் வாங்கி, எச்சரிக்கை எழுத்துகளைக் கிட்டின் தாளிலிருந்தே எடுப்பது நிறையச் சேமிக்கும்.

வெளிநாட்டிலிருந்து தருவித்தால் வரி எவ்வளவு? வண்ணமும் சேர்த்துத் தருவிக்கலாமா?
*வாசகர், செராஸ்*

500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளை இணையம்வழி வெளிநாட்டிலிருந்து வாங்கினால் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. பெரிய இணையச் சந்தைகள் பணம் கட்டும்போதே பிடித்துவிடும். எனவே கணக்கில் கிட் விலை, அனுப்புச் செலவு, வரி மூன்றையும் சேருங்கள். உலோக ட்ராக் எடை கூடியது, அனுப்புச் செலவே கையைக் கடிக்கும். பித்தளைத் தகடும் டிகாலும் கடித உறையில் வந்துவிடும். லாக்கர் வண்ணம், தின்னர், ஸ்ப்ரே டப்பா எல்லாம் எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு, விமான அஞ்சலில் ஏற்ற மாட்டார்கள். அவற்றை இங்கேயே வாங்குங்கள்.

கூடுதல் பாகம் தருவிக்குமுன் பொட்டலத்தில் எந்த நிறுவனத்தின் எந்த எண் கிட்டுக்கு என்று அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஒரே டைகருக்கு டிராகன் நிறுவனக் கிட்டுக்குச் செய்த சேற்றுத்தகடு தமியா கிட்டில் உட்காராது.

என் மகனுக்கு 11 வயது. டாங்கி கட்ட வேண்டும் என்கிறான். எதில் தொடங்கலாம்?
*ஒரு தாய், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில்*

தமியாவின் 1/48 அல்லது எளிய 1/35 டாங்கி ஒன்று வாங்கிக் கொடுங்கள் அம்மா. பெட்டியின் பக்கவாட்டில் பாகங்களின் படம் இருக்கும். தனிக் கண்ணி ட்ராக்கும் பித்தளைத் தகடும் உள்ளதைத் தவிருங்கள். ஒரு நிப்பர், ஒரு மெல்லிய அரம், 600 எண் மணல்தாள், ஆரஞ்சு மணமுள்ள லிமோனீன் பசை ஆகியவை போதும். சூப்பர் குளூவும் கத்தியும் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். வண்ணத்துக்கு நீரில் கழுவக்கூடிய அக்ரிலிக்கும் இரண்டு தூரிகையும். பாகத்தை ஸ்ப்ரூவிலிருந்து இரண்டு முறையாக வெட்டச் சொல்லிக் கொடுங்கள்: முதல் வெட்டு 2 மி.மீ. தள்ளி, அடுத்தது ஒட்டி. ஒரே வெட்டில் இழுத்தால் பாகத்தில் வெள்ளைத் தழும்பு விழும். அடுத்த கிட் எது என்பதை அவனே சொல்லட்டும். கூடுதல் பாகம் எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.